சேற்றுக்குள் ஒரு கேள்விக்குறி

பெரும்போகத்துக்கு வயலைப் பண்படுத்தும் நாட்களில் மாத்தளைப் பக்கம் வந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். நாவுல, கலேவெல, யட்டவத்த என்று எங்கே போனாலும் முழங்கால் வரை சேற்றில் நின்று வரப்புக் கட்டும் மனிதர்கள். அவர்களில் ஒருவரின் காலில் சின்னதாக ஒரு கீறல் இருக்கும். மண்வெட்டி பட்டதோ, நத்தை ஓடு கிழித்ததோ, அவர் கவனித்திருக்கவே மாட்டார். ஒரு வாரம், பத்து நாள் போகும். பிறகு திடீரென்று காய்ச்சல் அடிக்கும். கெண்டைக்காலைத் தொட முடியாத வலி. கண் சிவக்கும், சிறுநீர் குறையும். "எலிக்காய்ச்சலாக இருக்கும்" என்று வீட்டிலுள்ளவர்களே சொல்லிவிடுவார்கள்.

2008ஆம் ஆண்டு இலங்கையில் எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை 7,000ஐத் தாண்டியது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முன் இந்த நாடு அத்தனை பெரிய எலிக்காய்ச்சல் பரவலைக் கண்டதில்லை. கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. அந்தப் பரவலை முன்வைத்து, பல்கலைக்கழக மருத்துவ ஆய்வுகூடம் ஒன்றுக்குள் என்ன நடக்கிறது, அங்கே வேலை பழகுகிறவர்கள் எதைக் கற்கிறார்கள், மாத்தளைப் பிள்ளை ஒன்று அந்த வாசலுக்கு எப்படிப் போய்ச் சேரலாம் என்று சொல்ல விரும்புகிறேன். டாக்டர் ஆவது ஒன்றுதான் உயிரியல் படிப்பின் பயன் என்று நம்பும் வீடுகள் நம்மிடையே ஏராளம். அந்த வீடுகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கிருமியைப் பார்த்துவிடுவோம். லெப்டோஸ்பைரா என்பது நூலைப் போல மெலிந்த, சுருள் சுருளான ஒரு பக்டீரியா. நீளம் 6 முதல் 20 மைக்ரோமீற்றர். தடிப்போ 0.1 மைக்ரோமீற்றர்தான். இந்த மெலிவினால் சாதாரண நுண்நோக்கியில் அது கண்ணுக்குத் தட்டுப்படாது. எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்துகொண்டு சிறுநீரோடு வெளியே வரும். எலிக்கு இதனால் பெரிய தொல்லை ஒன்றும் இல்லை. மாடும் எருமையும்கூட இதைச் சுமக்கும். ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் உயிரோடு கிடந்து, கீறலின் வழியாகவோ, நீரில் ஊறிய தோலின் வழியாகவோ, கண்ணின் வழியாகவோ மனித உடலுக்குள் நுழைந்துவிடும்.

1907இல் ஆர்தர் ஸ்டிம்சன் என்ற அமெரிக்க மருத்துவர், மஞ்சள் காய்ச்சலில் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் துண்டில் இதைக் கண்டார். முனை வளைந்து கேள்விக்குறியைப் போலத் தெரிந்ததால் 'இன்டரோகன்ஸ்', அதாவது 'கேள்வி கேட்பது', என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது மஞ்சள் காய்ச்சல் நோயாளியின் உடலை அல்ல என்பது பின்னாளில்தான் விளங்கியது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பானில் இனாடாவும் இடோவும், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வாட்டிய மஞ்சட்காமாலைக் காய்ச்சலுக்கு இந்தச் சுருள் கிருமியே காரணம் என்று காட்டினார்கள்.

ஒரு நோயை இன்னொரு நோயாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இன்றும் நம்மை விடவில்லை. மாத்தளையில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவருக்கு டெங்கு இருக்கலாம், எலிக்காய்ச்சல் இருக்கலாம், உண்ணிக் காய்ச்சலும் இருக்கலாம். முதல் மூன்று நாளில் இவை ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தெரியும். எலிக்காய்ச்சலுக்குப் பெனிசிலினோ டொக்சிசைக்ளினோ வேளையோடு கொடுத்தால் கேட்கும். டெங்குவுக்கு அன்ரிபயோட்டிக் எதுவும் பயன்படாது, நீர்ச்சத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதுதான் சிகிச்சை. ஆகவே வைத்தியருக்கு ஆய்வுகூடத்தின் பதில் வேண்டியிருக்கிறது. அந்தப் பதிலைத் தருவது லேசான காரியமில்லை.

2008 பரவலின்போது ஓர் ஆய்வுக் குழு மாத்தளை உட்பட மத்திய மலைநாட்டை அண்டிய மாவட்டங்களின் நோயாளிகளிடம் இரத்த மாதிரி சேகரித்து ஆராய்ந்தது. முடிவுகள் 2011இல் அமெரிக்க வெப்பமண்டல மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தன. எழுதியவர்களில் மூவரைக் குறிப்பிட வேண்டும். ஒருவர், அப்போது ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தில் இருந்த சமூக மருத்துவர் சுனெத் அகம்பொடி. இன்னொருவர், பேராதனையில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த வசந்தி தேவநேசம். மூன்றாமவர், பிரித்தானிய நுண்ணுயிரியலாளர் ஷெரன் பீகொக். பீகொக் 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்குப் போனவர். பிறகு தாதியானார், அதன்பின் மருத்துவரானார். கொவிட் காலத்தில் பிரித்தானியாவின் வைரஸ் மரபணு வரிசைப்படுத்தும் கூட்டமைப்பை வழிநடத்தியவரும் அவர்தான். உயர்தரத்தில் முதல் தடவை புள்ளி குறைந்ததோடு எல்லாம் முடிந்தது என்று மூலையில் உட்காரும் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

அந்த ஆய்வு இரண்டு விடயங்களைக் காட்டியது. எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்ட எல்லோருக்கும் அது உறுதியாகவில்லை. உறுதியானவர்களிடமும் ஒரே ஒரு வகைக் கிருமி இல்லை, பல வகைகள் இருந்தன. இந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பின்னால் எத்தனை பேரின் கைவேலை இருக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எலிக்காய்ச்சலை உறுதிசெய்ய உலகம் இன்றும் தங்கியிருக்கும் சோதனை ஒன்று உண்டு. எம்.ஏ.டி. என்பார்கள். நோயாளியின் இரத்தத்தில் கிருமிக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருந்தால், உயிருள்ள கிருமிகள் அவற்றோடு சேரும்போது ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். இதுதான் தத்துவம். 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் நோயாளியின் சீரத்தை 50 மடங்கு, 100 மடங்கு, 200 மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு குழியிலும் உயிருள்ள லெப்டோஸ்பைராவை இட வேண்டும். இரண்டு மணித்தியாலம் 30 பாகை வெப்பத்தில் வைத்த பிறகு, ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு துளியை எடுத்து இருட்புல நுண்நோக்கியின் கீழ் பார்க்க வேண்டும். கறுத்த பின்னணியில் வெள்ளி இழைகள் சுழன்றுகொண்டிருக்கும். சில இடங்களில் அவை பஞ்சுப் பொதி போல ஒட்டிக்கிடக்கும். ஒப்பீட்டுக் குழியோடு பார்க்கையில் தனியாக நீந்தும் இழைகள் பாதியாகக் குறைந்த கடைசிக் குழி எது என்று ஒருவர் தன் கண்ணால் தீர்மானிக்க வேண்டும்.

இதில் மெஷின் சொல்லும் இலக்கம் எதுவும் இல்லை. பழகிய கண்தான் அளவுகோல். இன்று சேர்ந்த ஒருவர் நாளைக்கே இதைச் செய்துவிட முடியாது. மூத்தவர் பக்கத்தில் இருந்து, ஒரே துளியை இருவரும் மாறி மாறிப் பார்த்து, முரண்பட்டு, மறுபடியும் பார்த்துத்தான் கண் தேறும்.

அதோடு, இந்தச் சோதனைக்கு உயிருள்ள கிருமி வகைகள் ஓர் அணியாக எப்போதும் கையில் இருக்க வேண்டும். லெப்டோஸ்பைராவுக்குச் சீனி வேண்டாம். அது கொழுப்பமிலத்தைத் தின்று வாழும் உயிர். அதற்கென்று தனி ஊடகம் தயாரித்து, வேறு பக்டீரியா புகாமல் காத்து, கிழமைக்கு ஒருமுறை அளவில் புதிய குழாய்க்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நோயாளியின் இரத்தத்திலிருந்து புதிதாகக் கிருமியை வளர்த்தெடுக்கப் போனால் அதற்கு வாரக்கணக்கு, சிலவேளை மாதக்கணக்கு ஆகும். குழாயைத் தினமும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஒன்றும் தெரியாமல் திரும்ப வைத்து, அடுத்த நாளும் அப்படியே பார்க்கும் வேலை அது. இலங்கையில் பிரித்தெடுக்கப்பட்ட வகைகளில் சில சிலோனிகா, ரத்னபுர என்ற பெயர்களோடு சர்வதேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இப்படிக் குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்த யாரோ ஒருவர் இருக்கிறார்.

எம்.ஏ.டி.க்கு ஒரு குறை உண்டு. பிறபொருளெதிரி உண்டாக ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும். இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகளில் அளவு நான்கு மடங்காவது ஏறினால்தான் உறுதியாகச் சொல்லலாம். அதற்குள் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது இறந்திருப்பார். முதல் வாரத்தில் பி.சி.ஆர். கைகொடுக்கும். கிருமியின் மரபணுத் துண்டை நேராகவே பெருக்கிக் காட்டும் முறை அது. 2012இல் அகம்பொடியும் அமெரிக்காவின் ஜோசப் வினெட்ஸ் குழுவினரும், இலங்கை நோயாளிகளின் இரத்தத்தில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்பதற்கும் நோய் எவ்வளவு முற்றுகிறது என்பதற்கும் உள்ள தொடர்பை இந்த வழியில் ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

இனி ஆய்வுகூடத்தில் வேலை பழகுவதைப் பற்றிச் சொல்கிறேன். புதிதாக வரும் மாணவருக்கு முதல் நாளே யாரும் கிருமியைக் கையில் கொடுப்பதில்லை. கொடுப்பது பிப்பெட்டும் வெறும் தண்ணீரும். 100 மைக்ரோலீற்றர் தண்ணீர் 100 மில்லிகிராம் நிறை இருக்க வேண்டும். தராசில் விட்டுப் பார்த்தால் முதல் தடவை 93 காட்டும், அடுத்த தடவை 106 காட்டும். பெருவிரலை மெதுவாக விட வேண்டும், நுனியை நீருக்குள் ஆழமாக அமிழ்த்தக் கூடாது, ஒவ்வொரு முறையும் ஒரே சாய்வில் பிடிக்க வேண்டும். பத்துத் தடவை விட்டால் பத்துத் தடவையும் 100ஐ ஒட்டி நிற்கும்வரை இதே வேலைதான். சலிப்பாக இருக்கும். ஆனால் சீரத்தை நீர்க்கும்போது முதல் குழியில் செய்த பிழை கடைசிக் குழிவரை தொடர்ந்து வரும். அப்போது ஒரு நோயாளிக்கு இல்லாத நோய் இருப்பதாகிவிடும்.

அடுத்தது குறிப்பேடு. பேனாவால்தான் எழுத வேண்டும். பிழையாக எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, திகதியும் கையெழுத்தும் இட வேண்டும். சரிவராத பரிசோதனையையும் எழுத வேண்டும். நம் பாடசாலைகளில் செய்முறைக் கொப்பியை விடை தெரிந்த பிறகு அழகாக எழுதிப் பழகிய பிள்ளைக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமான மாற்றம். உயர்தர உயிரியல் ஆசிரியர்கள் இந்த ஒரு பழக்கத்தை வகுப்பிலேயே தொடங்கிவைத்தால், பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் மிச்சமாகும் என்பது என் எண்ணம்.

மூன்றாவது, மனிதர்கள். ஆய்வுக்கு இரத்தம் எடுக்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். நோயாளியிடம் அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். ரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த அம்மாவிடம் சிங்களப் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. "அம்மா, இந்த இரத்தத்தில் கொஞ்சத்தை ஆராய்ச்சிக்கு எடுக்கலாமா? வேண்டாம் என்றாலும் உங்களுக்குச் செய்கிற வைத்தியம் குறையாது" என்று அவருடைய மொழியில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். தமிழ் தெரிந்த ஆராய்ச்சி உதவியாளரின் பெறுமதி இங்கே தெரியும். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்து, வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் உறவுகளைப் பறிகொடுத்தவர்களின் பரம்பரை இந்தத் தோட்ட மக்கள். அவர்களுடைய நோயைப் பற்றிய ஆய்வில் அவர்களுடைய பிள்ளைகளும் இருக்க வேண்டும்.

எலிக்காய்ச்சல் இல்லை என்று முடிவான மாதிரிகள் என்னவாகின? ஆராய்ச்சியின் ருசி இங்கேதான் தொடங்குகிறது. பேராதனை நுண்ணுயிரியல் துறையின் சந்திக கமகேயும் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, கண்டியில் எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்ட நோயாளிகளின் இரத்தத்தை வேறொரு கேள்வியோடு பார்த்தார்கள். சிலரிடம் ஹன்டா வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருந்தன. இதுவும் எலி பரப்பும் நோய்தான். காய்ந்த எலிச் சிறுநீரும் எச்சமும் தூசியாகிக் காற்றில் கலந்து மூச்சோடு உள்ளே போகும். சிறுநீரகத்தைத் தாக்கும். அன்ரிபயோட்டிக்குக் கட்டுப்படாது. 2011இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது.

அதோடு நிற்கவில்லை. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள வில்கமுவ, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயிகளை அரித்துக்கொண்டிருக்கும் பகுதிகளில் ஒன்று. மகாவலிக்கு அப்பால் கிராந்துருகோட்டையிலும் அதே நோய்தான். இலங்கை, ஜப்பான் ஆய்வாளர்கள் அந்த வயல்வெளிச் சுண்டெலிகளைப் பிடித்துச் சோதித்ததில் புதிய ஹன்டா வைரஸ் ஒன்று கிடைத்தது. 2021இல் அதற்கு 'லங்கா வைரஸ்' என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். சிறுநீரக நோய்க்கு இந்த வைரசும் ஒரு காரணமா, குடிநீரா, வெயிலில் உடல் நீரிழப்பதா, வேளாண்மை இரசாயனமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதைத் தீர்க்க இன்னும் பல கைகள் வேண்டும்.

சரி, வாசலுக்கு வருவோம். மாத்தளையிலிருந்து கண்டி ஏறத்தாழ 25 கிலோமீற்றர், அங்கிருந்து பேராதனை ஆறேழு கிலோமீற்றர். 1880இலிருந்து ரயில் பாதையும் இருக்கிறது. தூரம் ஒரு தடையே இல்லை. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்தவருக்கு மருத்துவ பீடம் கிடைக்காவிட்டாலும் நான்கைந்து கதவுகள் இருக்கின்றன. பேராதனையின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் நான்கு வருடப் பட்டப்படிப்பு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அது உண்டு. விஞ்ஞான பீடத்தில் மூலக்கூற்று உயிரியலும் உயிர்த்தொழில்நுட்பவியலும் படிக்கலாம். விலங்கியல், தாவரவியல், இரசாயனம் என்று போகிறவர்களும் ஆராய்ச்சிக்கு வரலாம். கால்நடை மருத்துவ பீடத்தையும் மறக்க வேண்டாம், மனித நோய் பலவற்றின் வேர் விலங்கில்தான் இருக்கிறது. மாவட்ட அடிப்படையில்தான் 55 வீதம் வரையான இடங்கள் ஒதுக்கப்படுகின்றன என்பதால், அனுமதிக் கைநூலைப் பார்த்து ஒவ்வொரு பாடநெறிக்கும் மாத்தளைக்குரிய வெட்டுப்புள்ளி என்ன என்று கணக்குப் போட்டுத்தான் விருப்பத்தை நிரப்ப வேண்டும். மருத்துவத்தை முதலில் எழுதிவிட்டு மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பும் பிள்ளைகள் நிறைய. அது பெரிய நட்டம்.

பெரிய தடை மொழிதான். தமிழில் உயர்தரம் படித்த பிள்ளை முதல் நாள் விரிவுரையில் ஆங்கிலத்துக்கு முன் நிற்கும். அறிவில் குறைந்தவர்கள் போலத் தோன்றும் அந்த முதல் ஆறு மாதத்தில் மனம் உடைந்தவர்கள் உண்டு. பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை, அதன்பின் அனுமதி கிடைக்கும்வரை கையில் கிடைக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிட்டால் அந்த ஆறு மாதம் ஆறு கிழமையாகும்.

பட்டத்தின் கடைசி வருடத்தில் ஓர் ஆய்வுத் திட்டம் செய்ய வேண்டியிருக்கும். எதிர்காலத்தின் பாதி அங்கே தீர்மானமாகிறது. அந்த வேலையில் ஒழுங்கைக் காட்டியவருக்குத்தான் விரிவுரையாளர் தன் அடுத்த ஆராய்ச்சி நிதியில் உதவியாளர் இடம் தருவார். அதோடு முதுதத்துவமாணிக்குப் பதிந்துகொள்ளலாம், பிறகு இங்கேயோ வெளிநாட்டிலோ கலாநிதிப் பட்டம். பேராதனையில் இடம் இல்லையென்றால் கண்டி ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. 1980களிலிருந்து பேராசிரியர் ரஞ்சன் ராமசாமி மலேரியா ஆராய்ச்சி செய்த இடம் அது. அவரும் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரனும் சேர்ந்து எழுதிய 2000ஆம் ஆண்டுக் கட்டுரை, இலங்கையில் ஒரே நுளம்பு என்று கருதப்பட்டது உண்மையில் இரண்டு இனம், மலேரியாவைப் பரப்பும் வல்லமையிலும் அவை வேறுபடுகின்றன என்று காட்டியது. 2011இலும் இருவரும் சேர்ந்து, டெங்கு நுளம்பு உவர்நீரிலும் முட்டையிட்டு வளர்வதை வெளியிட்டார்கள். சுரேந்திரன் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர். ஆராய்ச்சித் தொழில் இப்படித்தான் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகிறது.

எல்லோரும் பேராசிரியர் ஆக வேண்டியதில்லை. அரச ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்கள், கொழும்பில் 1900இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம், தனியார் பரிசோதனை நிலையங்கள், மருந்து, உணவுத் தரக் கட்டுப்பாடு எல்லாம் இதே பயிற்சியைக் கேட்கின்றன. 2020இல் கொவிட் வந்தபோது பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களே பி.சி.ஆர். சோதனையைத் தோளில் சுமந்தன. அதுவரை ஆராய்ச்சிக்காகக் கை பழகியவர்கள் அன்றைக்கு நாட்டுக்குப் பயன்பட்டார்கள்.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. ஆராய்ச்சி உதவியாளர் வேலை நிரந்தரமில்லை. நிதி முடிந்தால் வேலையும் முடியும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது இரசாயனங்களின் விலையும் கூடவே ஏறியது. அந்த மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம். மறை 80 பாகையில் இருக்க வேண்டிய குளிரூட்டிக்குள் பல வருடத்து இரத்த மாதிரிகள் கிடந்தால், மின்வெட்டின் ஒவ்வொரு மணியும் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். பயிற்சி பெற்றவர்கள் பலர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆராய்ச்சி உதவியாளருக்கு நிலையான ஊதியமும் சேவைக் காலக் கணக்கும் இல்லாத வரை இது தொடரும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் அமைச்சும் இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

உலகம் முழுவதும் எலிக்காய்ச்சல் ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரைத் தாக்குகிறது என்றும் அவர்களில் 58,900 பேர் இறக்கிறார்கள் என்றும் 2015இல் ஒரு சர்வதேசக் குழு மதிப்பிட்டது. அந்தக் கணக்கில் மாத்தளையின் வயல்களும் இருக்கின்றன.

மாத்தளையின் தமிழ்ப் பாடசாலை அதிபர்களிடமும் உயிரியல் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். உயர்தர வகுப்புப் பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு நாள் பேராதனைக்குக் கூட்டிப் போங்கள். முன்கூட்டியே துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவையாவது நுண்நோக்கியில் கண் வைத்துப் பார்க்கட்டும். பெற்றோருக்கும் ஒரு சொல். வயலுக்கு இறங்கும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எலிக்காய்ச்சல் தடுப்புக்கான டொக்சிசைக்ளினைக் கேட்டு வாங்குங்கள். காய்ச்சல் வந்தால் சேற்றில் நின்றதை மறக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.